கட்டுமான மேலாண்மை படிக்க முதலில் எந்த டிகிரி வேண்டும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் மதுரைப் பக்கம் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கும். "சிவில் முடிச்சாத்தான் அதைப் படிக்கலாம்" என்பார் ஒருவர். "எந்த டிகிரியா இருந்தாலும் எம்.பி.ஏ. போட்டுக்கலாம்" என்பார் இன்னொருவர். கான்ட்ராக்ட் எடுத்து வீடு கட்டிக் கொடுக்கும் மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவர், "டிகிரி எதுக்குடா, என்கூட சைட்டுக்கு வா" என்பார்.

மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் ஒரே விஷயத்தைப் பேசவில்லை. முதலாமவர் எம்.இ. படிப்பை மனதில் வைத்துப் பேசுகிறார். இரண்டாமவர் எம்.பி.ஏ.வை. மாமா படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை, வேலையைப் பற்றிப் பேசுகிறார். இந்த மூன்றையும் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இது என்ன படிப்பு?

பாண்டி கோயிலில் கிடா வெட்டு வைத்த குடும்பங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். அங்கே குழம்பு வைப்பவர் வேறு, காரியத்தை நடத்துபவர் வேறு. கிடா எத்தனை, விறகு எப்போது வந்து இறங்க வேண்டும், அண்டா வாடகைக்கு எங்கே எடுப்பது, ஊரிலிருந்து வேன் எத்தனை மணிக்குக் கிளம்பும், ஐம்பது பேர் கூடுதலாக வந்து நின்றால் என்ன செய்வது, இதையெல்லாம் பார்ப்பவர் கரண்டியைத் தொடமாட்டார். ஆனால் கறி வேக எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பன்னிரண்டு மணிக்குப் பந்தி என்று சொல்லிவிட்டுப் பதினொன்றரைக்கு அடுப்பு மூட்டச் சொல்வார்.

கட்டுமான மேலாண்மை என்பது அந்தக் காரியத்தை நடத்தும் வேலை. ஒரு கட்டடத்தைச் சொன்ன காலத்தில், சொன்ன செலவில், சொன்ன தரத்தில், யாருக்கும் அடிபடாமல் முடித்துக் கொடுப்பதற்கான திட்டமிடலும் கண்காணிப்பும் இதில் அடங்கும். ஒப்பந்தம் எழுதுவது, எஸ்டிமேட் போடுவது, பொருள் வரவழைப்பது, பில் சரிபார்ப்பது எல்லாம் இதற்குள் வரும். தூண் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும், அதற்குள் எத்தனை கம்பி போக வேண்டும் என்று கணக்கிடுவது கட்டமைப்புப் பொறியாளரின் வேலை. அந்தத் தூண் எந்த வாரம் எழும்ப வேண்டும், அதற்கான கம்பி எந்தத் தேதியில் சைட்டுக்கு வர வேண்டும் என்று பார்ப்பது மேலாளரின் வேலை.

மண் தோண்டுவதற்கு முன்பே இந்த வேலை தொடங்கிவிடும். மதுரைக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் கண்முன்னே இருக்கிறது. புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு 2022 ஜனவரியில் அடிக்கல் நாட்டி, 2023 ஜூலை 15-ல் திறந்துவிட்டார்கள். தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரி 27-ல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டுமானம் தொடங்கியது 2024-ல். நடுவில் போன ஐந்து ஆண்டுகளில் கடன் ஒப்பந்தம், டெண்டர் என்று காகித வேலைதான் நடந்தது. டீக்கடையில் இதை அரசியலாகப் பேசுவோம், பேசலாம். ஆனால் நிதி எப்படி வருகிறது, டெண்டர் எப்படி விடப்படுகிறது என்பதெல்லாம் இந்தப் படிப்பில் தனித்தனிப் பாடங்களாகவே இருக்கின்றன.

இந்தத் துறையின் மையக் கருவி ஒன்றை மட்டும் பார்த்துவிடுவோம். டிகிரி விஷயம் புரிவதற்கு அது உதவும். அதன் பெயர் கிரிட்டிக்கல் பாத். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான முறை இது. திருநகரில் ஒரு வீடு கட்டுவதாக வையுங்கள். அஸ்திவாரம் முடியாமல் சுவர் எழும்பாது. சுவர் எழும்பாமல் தளம் போட முடியாது. தளம் போட்டு முட்டுப் பலகை பிரிக்காமல் உள்பூச்சு தொடங்காது. ஆனால் ஆசாரியிடம் கதவு, ஜன்னல் செய்யக் கொடுப்பதற்கு இவை எதுவும் முடிந்திருக்க வேண்டியதில்லை, அது தன்பாட்டுக்கு ஒரு பக்கம் நடக்கும். இப்படி ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்ற வேலைகளைக் கோத்துப் பார்த்தால் பல சங்கிலிகள் கிடைக்கும். அவற்றில் மிக நீளமான சங்கிலிதான் கிரிட்டிக்கல் பாத். அதில் ஒரு நாள் தவறினால் கிரகப்பிரவேசமும் ஒரு நாள் தள்ளிப்போகும். ஆசாரி பத்து நாள் தாமதித்தாலும் அவர் வேலை அந்தச் சங்கிலியில் இல்லாதவரை பயப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் பொறியியல் டிகிரி ஏன் கேட்கிறார்கள்?

இது வெறும் தேதிக் கணக்காக இருந்தால் பி.காம். படித்தவரே போதும், இன்னும் நன்றாகக்கூடச் செய்வார். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்தத் தேதிகளில் பலவற்றை மனிதர்கள் தீர்மானிப்பதில்லை. சிமென்டும் தண்ணீரும் வெயிலும் தீர்மானிக்கின்றன.

தளம் போட்டால் கீழே முட்டு நிற்கும். அதை எப்போது எடுக்கலாம்? காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டில் போட்ட தளமாக இருந்து, தாங்குசுவர்களுக்கு இடையிலான அகலம் நாலரை மீட்டருக்குள் இருந்தால் 7 நாள். அதற்கு மேல் என்றால் 14 நாள். பீம் ஆறு மீட்டருக்குள் இருந்தால் 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். வேறு வகை சிமென்ட் போட்டிருந்தால் இந்தக் கணக்கை மாற்றிப் போட வேண்டும். தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்கும் காலமும் அப்படித்தான். சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட வெயில் ஊராக இருந்தால் 10 நாள். நம் பக்கம் பெரும்பாலும் விற்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட். அது மெதுவாக இறுகும் வகை என்பதால் வெயில் ஊரில் 14 நாள் வரை விட வேண்டும். மதுரை எந்த வகை ஊர் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

இப்போது வேலை பின்தங்கிவிட்டது, வீட்டுக்காரர் முகூர்த்தத் தேதியைச் சொல்லி நெருக்குகிறார். மேலாளர் எங்காவது நாலு நாள் பிடிக்க வேண்டும். பெயின்ட் வேலைக்கு இன்னும் இரண்டு ஆள் போட்டு அந்த நாலு நாளைப் பிடிக்கலாம். கொத்தனாருக்குக் கலவை எடுத்துக் கொடுக்கும் நிமிந்தாள் ஒருவரைக் கூடுதலாக விட்டுக் கலவை ஓட்டத்தை வேகப்படுத்தலாம். ஆனால் பீமுக்குக் கீழே இருக்கும் முட்டுகளை நாலு நாள் முன்னதாக எடுக்கச் சொன்னால் அது ஆபத்து. காகிதத்தில் இரண்டுமே நாலு கட்டம்தான். எந்தக் கட்டத்தை நெருக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது பொருள்களின் குணம் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

பாதுகாப்பும் இதே மாதிரிதான். 2021 ஆகஸ்டில் நத்தம் சாலை மேம்பாலப் பணியின்போது கர்டர் என்ற பெரிய உத்தரம் விழுந்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். மேம்பாலம் கட்டி முடித்த பிறகு தாங்கும் பாரம் ஒன்று. கட்டிக்கொண்டிருக்கும்போது அரைகுறையாக நிற்கும் நிலையில் வரும் பாரம் வேறு. தூக்குவது, நகர்த்துவது, இறக்குவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகத் திட்டம் போட வேண்டும். அதற்கு விசையியல் தெரிந்திருக்க வேண்டும்.

இதனால்தான் எம்.இ., எம்.டெக். வகைப் படிப்புகளில் கட்டடம் சார்ந்த இளநிலைப் பட்டத்தைக் கேட்கிறார்கள். சும்மா கெடுபிடிக்காக வைத்த நிபந்தனை கிடையாது.

மூன்று தனித்தனிச் சொற்கள்

இனி வருவதைப் படிக்க மூன்று சொற்கள் வேண்டும்.

தகுதி என்பது, விண்ணப்பம் போடக் குறைந்தபட்சம் இருக்க வேண்டியது. தேர்வு என்பது, தகுதி உள்ளவர்களில் யாரை எடுப்பார்கள் என்பது. இணைத்தன்மை என்பது, உங்கள் பட்டத்தின் பெயர் வேறாக இருந்தாலும், வேலை அறிவிப்பில் கேட்டிருக்கும் பட்டத்துக்குச் சமம் என்று அரசு ஏற்றுக்கொள்வது.

"எனக்குத் தகுதி இருக்கு, ஆனா சீட் கிடைக்கலை" என்று வருத்தப்படுபவர் முதல் சொல்லையும் இரண்டாவது சொல்லையும் குழப்பிக்கொண்டவர். "படிச்சு முடிச்சுட்டேன், ஆனா அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியலை" என்பவர் மூன்றாவது சொல்லைக் கேள்விப்படாதவர். இரண்டாவது ஆளின் நிலைமைதான் மோசம். நாலு வருடம் கழித்துத்தான் அவருக்கு விஷயம் தெரிகிறது.

பிளஸ் டூவிலிருந்து போகும் வழி

நம் நாட்டில் கட்டுமான மேலாண்மை பெரும்பாலும் முதுநிலைப் படிப்பு. பிளஸ் டூ முடித்ததும் நேராக அந்தப் பெயரிலேயே இளநிலைப் பட்டம் தருபவை குறைவு. எனவே முதல் கேள்வி, முதுநிலைக்கு அடித்தளமாக எதைப் படிப்பது என்பதுதான்.

நன்கு தேய்ந்த பாதை பி.இ. சிவில். நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். மூன்றும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 45 சதவீதமும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதமும் வாங்கியிருக்க வேண்டும். இது தகுதி. தேர்வு நடப்பது கலந்தாய்வுக் கட்ஆஃப்பில். கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, மொத்தம் 200. கணிதத்தில் 84, இயற்பியலில் 78, வேதியியலில் 80 வாங்கிய பிள்ளைக்கு 84, 39, 40 கூட்டி 163. தமிழ்நாட்டில் 2007 முதல் இதற்கு நுழைவுத்தேர்வு கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021-லிருந்து பொறியியலுக்கும் உண்டு. திருப்பரங்குன்றத்தில் 1957-ல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி இந்தக் கலந்தாய்வில் வரும் கல்லூரிகளில் ஒன்று. கீழக்குயில்குடியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டல வளாகம் இருக்கிறது.

பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போனவர்களுக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது. மூன்றாண்டு சிவில் டிப்ளமா முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இதை லேட்டரல் என்ட்ரி என்பார்கள். கட்டுமான மேலாண்மைக்குப் போக நினைப்பவர்களுக்கு இது குறுக்கு வழி என்று நான் நினைக்கவில்லை. சொல்லப்போனால் நல்ல வழி. டிப்ளமாவில் சர்வே, எஸ்டிமேட், வரைபடம் எல்லாம் கையால் செய்து பழகிவிடுகிறார்கள். முதுநிலைக்குப் போகும்போது, முடிந்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகம் என்றால் என்ன என்று அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்காது. கணிதத்தில் மட்டும் முதல் வருடம் கொஞ்சம் திணறுவார்கள்.

ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க். இன்னொரு வழி. அதற்கு நாட்டா என்ற நுழைவுத்தேர்வோ ஜே.இ.இ. மெயினின் இரண்டாம் தாளோ எழுத வேண்டும்.

சரி, கட்டுமான மேலாண்மை என்றே பெயர் போட்ட இளநிலைப் பட்டம் எங்காவது கிடைத்தால்? படிக்கலாம். ஆனால் சேரும் முன் இணைத்தன்மையைப் பார்க்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் தேர்வுக்கு சிவில் பட்டம் கேட்டால், வேறு பெயரில் பட்டம் வைத்திருப்பவர் அதற்குச் சமம் என்ற அரசாணையைக் காட்ட வேண்டியிருக்கும். கையில் பட்டம் இருந்தும் ஆணை இல்லாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். பிளஸ் டூவில் கணிதப் பிரிவு, அதன் பிறகு சிவில். இந்தப் பாதையில் போனால் பின்னாளில் எந்தக் கதவும் மூடாது. மற்ற பாதைகளில் சில கதவுகள் மூடியிருக்கும், அது உங்களுக்குப் பரவாயில்லையா என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

முதுநிலையில் இரண்டு வகை

தொடக்கத்தில் சண்டை போட்ட இருவரும் பிரிவது இந்த இடத்தில்தான்.

எம்.இ. அல்லது எம்.டெக். வகை பொறியியல் படிப்பு. கட்டுமானப் பொறியியலும் மேலாண்மையும் என்ற பெயரில் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் சிவில் துறைக்குள்ளேயே கட்டடத் தொழில்நுட்பமும் கட்டுமான மேலாண்மையும் சேர்ந்த ஒரு பிரிவு இருக்கிறது. இங்கே சேர கேட் என்ற அகில இந்தியத் தேர்வின் மதிப்பெண் வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கேட் இல்லாதவர்களுக்காக அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் சீட்டா என்ற தேர்வு வைக்கிறது. அதற்கு முன் இதற்கும் எம்.பி.ஏ.வுக்கு எழுதும் டான்செட் தேர்வுதான். தகுதியாக இளநிலையில் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 கேட்பது வழக்கம். கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வாய்ப்புண்டு. சிவில் கேட் தாளிலேயே கட்டுமானப் பொருள்களும் மேலாண்மையும் ஒரு பகுதி என்பதால் தயாராவது வீண் போகாது. அந்த மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும்.

இந்த வகையில் ஒரு நுணுக்கம். எந்தெந்தப் பட்டம் வைத்திருப்பவர் விண்ணப்பிக்கலாம் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு பட்டியல் வெளியிடும். அதில் சிவில் நிச்சயம் இருக்கும். பி.ஆர்க். சில இடங்களில் இருக்கும், சில இடங்களில் இருக்காது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படித்தவர்கள் "பொறியியல்தானே" என்று நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது. உங்கள் பட்டச் சான்றிதழில் அச்சடித்திருக்கும் பெயர் எழுத்துக்கு எழுத்து அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எம்.பி.ஏ. வகை வேறு. ஏதாவது ஒரு மூன்றாண்டுப் பட்டத்தில் 50 சதவீதம் வாங்கியிருந்தால் போதும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. பி.காம்., பி.பி.ஏ. படித்தவர்களும் கட்டுமானம் அல்லது உள்கட்டமைப்பைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். நிதி, கொள்முதல், ஒப்பந்தம், ரியல் எஸ்டேட் பக்கம் வேலைக்குப் போவார்கள். 1872-ல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அவர்கள் சிவில் ஆட்களைவிட நன்றாகப் படித்திருப்பார்கள். ஆனால் மேலே சொன்ன முட்டுக் கணக்கில் முடிவெடுக்கும் நாற்காலி அவர்களுக்குக் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது என்பது என் கருத்து.

புனேயை மையமாகக் கொண்ட நிக்மார் 1983-ல் இந்தத் துறைக்கென்றே தொடங்கப்பட்டது. இன்று பல்கலைக்கழகமாக இருக்கிறது. ஒவ்வொரு படிப்புக்கும் ஒவ்வொரு தகுதி வைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் எந்தப் படிப்பு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெளிநாடு என்றால்

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கட்டுமான மேலாண்மை இளநிலைப் பட்டமாகவே நெடுங்காலமாக இருக்கிறது. இங்கிலாந்தில் பொதுவாக மூன்றாண்டு, அமெரிக்காவில் நான்காண்டு. அங்கே முதுநிலைக்குப் போகும்போது நம்மூர் அளவுக்கு சிவில் கட்டாயம் என்ற பேச்சு இல்லை. வேறு பட்டம் வைத்திருப்பவரையும் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்ளும். ஆனால் முன்தேவைப் பாடங்களை முடிக்கச் சொல்லும். முதன்மைப் படிப்புக்குள் நுழையும் முன் படித்திருக்க வேண்டிய அடிப்படைப் பாடங்கள் அவை. எஸ்டிமேட், கட்டுமானப் பொருள்கள், கணக்குப் பதிவு போன்றவை. அந்தப் பாடங்களுக்கும் கட்டணம் உண்டு, ஒரு செமஸ்டர்கூடக் கூடுதலாக ஆகலாம். ஏஜென்ட்டுகள் இதைச் சொல்வது அரிது. நம்மூர் மூன்றாண்டுப் பட்டத்தை முழு இளநிலைப் பட்டமாக ஏற்காத இடங்களும் அமெரிக்காவில் உண்டு. பி.எஸ்சி. முடித்தவர்கள் இதை முதலில் கேட்க வேண்டும்.

சைட்டில் இருப்பவர்களுக்கு

மாமா சொன்னதற்கு வருவோம். டிகிரி இல்லாமல் வீடு கட்டிக் கொடுப்பவர்கள் மதுரையில் ஏராளம், அவர்களில் அருமையான வேலைக்காரர்களும் உண்டு. கொத்தனாராகத் தொடங்கி மேஸ்திரியாகி கான்ட்ராக்டர் ஆனவருக்கு வேலையாட்களை நடத்தும் கலை எந்தப் பட்டதாரியையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் வரைபட அனுமதிக்குக் கையெழுத்துப் போடவும், பெரிய டெண்டரில் தொழில்நுட்ப ஆளாகப் பெயர் கொடுக்கவும் பட்டமோ டிப்ளமாவோ உள்ள ஒருவர் வேண்டும். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் பதிவு பெற்ற தொழில்நுட்பர்களைத்தான் கேட்கின்றன.

டிப்ளமாவோடு சைட்டில் இருப்பவர்கள் "அஞ்சல் வழியில் பி.டெக்." என்ற விளம்பரத்தைப் பார்த்தால் தள்ளி நிற்பது நல்லது. தகுந்த அனுமதி இல்லாமல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைதூரக் கல்வியில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று உச்சநீதிமன்றம் 2017 நவம்பரில் சொன்னது. பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு வாங்கியவர்கள்கூட அப்போது சிக்கலில் மாட்டினார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டுமானால், வேலையில் இருப்போருக்காக ஏ.ஐ.சி.டி.இ. அனுமதித்த நேரடி வகுப்புகள் இருக்கின்றன. ஏ.ஐ.சி.டி.இ. என்பது தொழில்நுட்பக் கல்விக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பு.

கல்லூரிக்கு விசாரிக்கப் போகும்போது அந்த அமைப்பின் அனுமதிக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். நடப்புக் கல்வியாண்டுக்குச் செல்லும் கடிதமா என்று பாருங்கள். எந்தப் படிப்பு, எத்தனை இடம் என்று பெயரோடு இருக்கும். உங்கள் பிள்ளை சேரப்போகும் படிப்பின் பெயர் விளம்பரப் பலகையில் இருப்பது போலவே அதிலும் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். காட்ட மாட்டேன் என்று அலுவலகத்தில் இழுத்தடித்தால், அடுத்த கல்லூரிக்கு பஸ் ஏறலாம்.